சங்கத்தின் விளக்கக் கடிதம்

எங்கள் சங்கம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடும். ஊரில் மற்ற எல்லோரும் தேவாலயத்தில் உட்கார்ந்திருக்கிற நேரம் அது. கடவுள் இல்லை என்பவர்கள் ஏன் சரியாக அதே நேரத்தில், அதே மாதிரி நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, முடிந்ததும் அதே மாதிரி காபியும் எலுமிச்சை கேக்கும் சாப்பிட வேண்டும் என்று நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"அந்த நேரத்துல வேற எங்க போறது வெர்னா, பழகிப்போச்சு" என்றார் வெண்டெல்.

வெண்டெல் க்ராஸ் எங்கள் தலைவர். முப்பது வருஷம் பள்ளியில் நிலவியல் சொல்லிக்கொடுத்தவர். பூமியின் வயது நானூற்றைம்பது கோடி வருஷம் என்று வகுப்பில் சொன்னதற்காகப் பெற்றோர் எழுதிய புகார்களை எல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறார். விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்ததும் எடுத்துக் காட்டுவார். தப்பிக்க முடியாது.

நான் சங்கத்தில் சேர்ந்தது கடவுள்மேல் கோபம் வந்து அல்ல. நாற்பது வருஷம் ஒரு பல் டாக்டரின் முன்மேசையில் உட்கார்ந்து, பாதி முகம் மரத்துப்போய் வெளியே வருகிறவனிடம்கூட விஷயம் கறந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு மனிதர்களைப் பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. நூலகத்தின் பின்னறை நடந்து போகிற தூரம். நாற்பத்து மூன்று உறுப்பினர்கள். நாற்பத்து மூன்று பேருக்கும் குடும்பம் இருக்கிறது, குடும்பத்தில் சண்டை இருக்கிறது. போதாதா.

ஜனெல் டெவிட் என் எதிர்வீடு. அவளைப் பார்க்க நான் சன்னல் திரையை விலக்க வேண்டியதில்லை, அது எப்போதும் விலகியேதான் இருக்கும். முப்பத்தொரு வயது, மருத்துவமனையில் இதய ஸ்கேன் எடுக்கிற வேலை. பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியில் ஒரு சபை இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்தவள். அந்தச் சபையில் டாக்டர் கிடையாது, மாத்திரை கிடையாது. உடம்புக்கு வந்தால் பெரியவர்கள் எண்ணெய் தடவி ஜெபிப்பார்கள். பிழைத்தால் தேவ சித்தம், செத்தாலும் தேவ சித்தம். பதினேழு வயதில் ஜனெலுக்குக் காதில் சீழ் கட்டி, ஒன்பது நாள் ஜெபித்து, பத்தாவது நாள் சவ்வு கிழிந்தது. பதினோராவது நாள் அவள் நெடுஞ்சாலையில் லாரியை நிறுத்தி ஏறி வந்துவிட்டாள். இடது காது இன்றைக்கும் கேட்காது.

அக்கா ரூத் அங்கேயே இருந்துவிட்டாள். ரூத்துக்கு ஒரே மகள், ஹேசல், ஒன்பது வயது.

சபையை விட்டுப் போனவளோடு சபைக்காரர்கள் பேசக்கூடாது. ஆனால் முட்டை விற்கலாம், வியாபாரம் வேறு. சனிக்கிழமைதோறும் ரூத் நெடுஞ்சாலை ஓரத்தில் மேசை போட்டு முட்டை விற்பாள், பக்கத்தில் ஹேசல் அட்டைப் பெட்டிகளை எடுத்துக் கொடுப்பாள். சனிக்கிழமைதோறும் ஜனெல் போய் வாங்குவாள். "ரெண்டு டஜன்." "பழுப்பா, வெள்ளையா?" "பழுப்பு." அக்காவும் தங்கையும் பதினாலு வருஷமாகப் பேசியது அவ்வளவுதான். எங்கள் தெரு முழுக்க அந்த முட்டையைத்தான் சாப்பிட்டோம், தனியாளான ஜனெல் அத்தனை முட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்.

போன வருஷம் வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, முட்டைகளை என் சமையலறையில் வைத்துவிட்டு அவள் போகாமல் நின்றாள்.

"பெட்டி தூக்கினதுக்கே பிள்ளைக்கு உதடு நீலமாப் போச்சு, வெர்னா. விரல் நுனியெல்லாம் உருண்டு கிடக்கு. நான் தெனமும் பாக்குற கேஸ் இது. இதயத்துல பொறந்ததுலேர்ந்து கோளாறு."

"வைத்தியம் இருக்கா?"

"ஒரு ஆபரேஷன். இன்னும் ஒரு வருஷத்துக்குள்ள பண்ணா ஓடியாடித் திரிவா."

எங்கள் மாநிலச் சட்டத்தில் ஒரு வரி உண்டு. பிள்ளைக்கு ஜெபத்தால் மட்டுமே வைத்தியம் பார்க்கிற பெற்றோர்மேல் குற்றமில்லை. எந்த நீதிபதியும் குறுக்கே வர முடியாது. ஜனெல் எங்கே புகார் கொடுத்தாலும் அந்த வரியைத்தான் படித்துக் காட்டினார்கள். அந்த வரியை மாற்ற வேண்டும் என்று எட்டு வருஷமாகக் கத்திக்கொண்டிருந்த ஒரே கூட்டம் எங்கள் சங்கம்தான். அதனால்தான் ஜனெல் எங்களிடம் வந்தாள். நாங்கள் எட்டு வருஷமும் கத்தினோமே தவிர, ஒரு செனட்டரின் அறைக்குள் போய் உட்கார்ந்ததில்லை. சட்டசபைப் படிக்கட்டில் பதாகை பிடிப்போம். செனட்டர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விடுவார்கள்.

செப்டம்பரில் வெண்டெல் ஒரு யோசனை சொன்னார். சம்பளம் கொடுத்து ஓர் இயக்குநரை வைப்போம், செனட்டர்களைப் பிடித்துக் காரியம் முடிக்கத் தெரிந்த ஆளாக. மூன்று பேர் நேர்காணலுக்கு வந்தார்கள். ஒரு சட்ட மாணவன். பதற்றத்தில் தண்ணீர்க் குவளையைக் கொட்டினான். பழைய தொன்மங்களைப் பற்றி மூன்று புத்தகம் எழுதிய பேராசிரியர். மூன்றையும் சுருக்கிச் சொன்னார். மூன்றாவது ஆள் டார்லா ஹன்சிக்கர்.

அவள் உள்ளே வந்ததும் அறையில் காற்று மாறியது. மேலங்கியில் குடியரசுக் கட்சியின் யானைச் சின்னம், காலில் மாட்டுத்தோல் பூட்ஸ், தலையில் காற்றுக்கு அசையாத மஞ்சள் முடி. இருபத்திரண்டு வருஷம் மாட்டுப் பண்ணையாளர்களுக்காகவும் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்காகவும் சட்டசபையில் வேலை பார்த்தவள். இந்த மாநிலத்தில் எங்கள் ஆட்கள் வெறுக்கிற சட்டங்களில் பாதி அவள் கை பட்டது.

லைல் பெக்கம் எழுந்தார். ஓய்வு பெற்ற மருந்துக்கடைக்காரர். சொந்தமாக வீடியோ சானல் நடத்துகிறார். மதங்களின் முரண்பாடுகளைப் பற்றி வாரம் ஒன்று. இருநூறு பேர் பார்க்கிறார்கள். அதில் நானும் ஒருத்தி, அவர் பின்னால் தெரியும் அலமாரியில் என்ன புதிதாக வாங்கி வைத்திருக்கிறார் என்று பார்ப்பதற்காக.

"நீங்க கடவுள நம்புறீங்களா?"

"என் முடியோட நிஜ நிறம் என்னன்னு கேளுங்க. அதையும் சொல்ல மாட்டேன்" என்றாள் டார்லா.

"போன தேர்தல்ல யாருக்கு ஓட்டுப் போட்டீங்க?"

"உங்களுக்குப் பிடிக்காத ஆளுக்கு. அதுக்காகத்தானே என்னைக் கூப்பிட்டிருக்கீங்க. முப்பத்தஞ்சு செனட்டர்ல இருபத்தெட்டுப் பேர் எங்க ஆளுங்க. மீதி ஏழு பேர் உங்களப் பாத்தா அன்பா சிரிப்பாங்க. சிரிப்ப வச்சு என்ன பண்ணுவீங்க?"

"எங்க கொள்கை எதுலயும் உங்களுக்கு உடன்பாடு இல்லையே."

"இருக்கு. பச்சப்புள்ள சாகக்கூடாது. அது ஒண்ணு போதாதா உங்களுக்கு, இன்னும் எத்தனை வேணும்?"

பின்வரிசையில் இடதுகோடியில் இருந்த ஜனெல் கையைத் தூக்கினாள். கேட்கிற காது எல்லோர் பக்கமும் இருக்கட்டும் என்று எப்போதும் அங்கேதான் உட்காருவாள். "சுகாதாரக் கமிட்டில ஒன்பது பேர். அவங்கள்ல எத்தனை பேர் நீங்க கூப்பிட்டா போனை எடுப்பாங்க?"

"ஒன்பது பேரும். ஒருத்தர் எடுத்துட்டுத் திட்டுவார்."

இருபத்துநாலுக்குப் பதினேழு. டார்லாவை வைத்துக்கொண்டோம். லைலின் அந்த வார வீடியோவுக்குத் தலைப்பு 'கோழிக்கூட்டுக்குக் காவல் நரி'. நரி அதைப் பார்த்துவிட்டு, "கோழிங்களுக்குத் தானாப் பூட்டத் தெரிஞ்சா நான் எதுக்கு?" என்று வெண்டெலிடம் கேட்டதாம்.

டார்லா போட்ட நிபந்தனை ஒன்றுதான். அந்த வரியை நீக்குகிற மசோதா சுகாதாரக் கமிட்டியைத் தாண்டுகிறவரை சங்கத்தின் பெயர் எங்கேயும் வரக்கூடாது. பேட்ஜ், பதாகை, சட்டைவாசகம், எதுவும் கூடாது.

"நீங்க இந்த மசோதாவுக்கு அப்பா அம்மாவா இருந்துக்கங்க. கல்யாணத்துக்கு மட்டும் வந்துராதீங்க" என்றாள்.

ஜனவரியில் சட்டசபை கூடியது. வெளியே முழங்கால் உயரப் பனி. டார்லாவுக்கு நகல் எடுத்துக்கொடுக்க, காபி வாங்கித்தர ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் போகாமல் யார் போவார்கள். நாலு வாரம் அந்த வராந்தாக்களில் அவள் பின்னால் நடந்தேன். யாருக்கு எந்த ஊர்ப் பண்ணை, யார் மகளுக்குக் கல்யாணம், யாருக்கு முதுகுவலி என்று எல்லாம் வைத்திருந்தாள். என் தொழிலையே செய்கிறவள், ஆனால் பயனோடு செய்கிறவள். கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஒருநாள் காலை கூட்டத் தொடக்க ஜெபத்தின்போது பார்வையாளர் மாடத்தில் அவள் பக்கத்தில் நின்றேன். போதகர் ஆரம்பித்ததும் டார்லா தலையைக் குனிந்தாள், கண்ணை மூடினாள், கடைசியில் உதடு 'ஆமென்' என்று அசைந்தது. என்னால் வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்ததும் அவளே சொன்னாள். "என்ன கண்ணு, அப்படிப் பாக்குற? அங்க தலையைத் தூக்கிட்டு நின்னா கீழ இருக்கிற முப்பத்தஞ்சு பேரும் கணக்குல வச்சுக்குவாங்க."

"சும்மா பாத்தேன்."

"சும்மா பாக்குற மூஞ்சி இல்ல உனக்கு."

பிப்ரவரி நடுவில் அவள் கையில் நாலு ஓட்டு இருந்தது. ஒன்பதில் ஐந்து வேண்டும். ஐந்தாவது ஆள் மெர்ல் கிட்டிங்ஸ், எழுபத்து நாலு வயது, மலையடிவாரத்தில் ஆட்டுப்பண்ணை. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், ஆனால் அவர் தொகுதியில் பாதி ஜனம் தேவாலயத்தில்தான் தேர்தல் பேசும்.

ஒரு வியாழக்கிழமை வெண்டெலின் வீட்டு வாசலில் டார்லாவின் பிக்கப் வண்டி நின்றது. நான் ஓர் ஆப்பிள் கேக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வேறொருவருக்காகச் சுட்டதுதான், பரவாயில்லை. சமையலறை மேசையில் டார்லா, வெண்டெல், ஜனெல் மூவரும் ஒரு தாளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தாளைத் தலைகீழாகப் படிக்க எனக்குக் கண்ணாடிகூட வேண்டாம். மசோதாவின் தொடக்கத்தில் ஒரு வரி புதிதாக ஏறியிருந்தது: 'ஒவ்வொரு குழந்தையின் உயிரும் படைத்தவர் தந்த கொடை என்பதால்.'

"கிட்டிங்ஸ் கேட்டது இது ஒண்ணுதான். இந்த வரி இருந்தா அவர் ஊருக்குப் போய் நிமிந்து நடக்கலாம். கீழ இருக்கிற சட்டத்துல ஒரு எழுத்தும் மாறல" என்றாள் டார்லா.

வெண்டெல் பல்வலிக்காரர்போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "நாம போயி, நாமளே போயி, 'படைத்தவர்'னு…"

"போட்டுக்கங்க" என்றாள் ஜனெல். "சாத்தான் தந்த கொடைன்னு போட்டாலும் சரி. இந்தச் சனிக்கிழமை ஹேசல் நாற்காலிலேர்ந்து எந்திரிக்கவே இல்ல. உக்காந்தபடியே பெட்டியக் கொடுத்தா."

நான் கேக்கை வெட்டித் தட்டுகளில் வைத்தேன்.

"கிட்டிங்ஸுக்கு நம்ம சங்கம்னு தெரியுமா?" என்று கேட்டேன் நான்.

"மோப்பம் பிடிச்சிருப்பார். ஆனா யாரும் அவர்கிட்ட சொல்லல, அவரும் கேக்கல. நாளைக்கு அவர் தேவாலயத்துக்காரங்க கேட்டா, 'டார்லா கொண்டாந்தா, எனக்கு வேற என்ன தெரியும்'னு சொல்ல அவருக்கு வழி இருக்கணும். அந்த வழிய மட்டும் அடைச்சிராதீங்க."

வெண்டெல் கடைசியில் தலையாட்டினார். அடுத்த புதன்கிழமை இல்லை, அதற்கடுத்த புதன்கிழமை கமிட்டி ஓட்டு. அதுவரை சங்கத்துக்குச் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"வெர்னா, இது இந்தச் சமையலறைய விட்டு வெளிய போகக்கூடாது."

"என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?" என்றேன்.

ஆறு நாள் வைத்திருந்தேன். என் ஆயுளிலேயே அது சாதனை. ஏழாம் நாள் கடையில், உறைபனிப் பட்டாணி எடுக்கிற இடத்தில், லைல் பெக்கம் தள்ளுவண்டியோடு எதிரே வந்தார்.

"உங்க டார்லா எப்படி இருக்கா? சட்டசபையில காபி நல்லாருக்கா?" என்றார். பிறகு, "பாவம், உங்களுக்கு அங்க ஒண்ணும் தெரிய விட மாட்டாங்க. நகல் எடுக்கிறதோட சரி" என்றார்.

அவ்வளவுதான். வேறொன்றும் செய்யவில்லை அந்த மனிதர். 'ஒண்ணும் தெரியாது' என்று என்னைப் பார்த்துச் சொன்னார். டார்லா ஜெபத்தில் தலை குனிந்ததில் ஆரம்பித்து, மசோதாவின் முதல் வரியில் முடித்தேன். சொன்னதும் ஏப்பம் விட்டாற்போல் நெஞ்சு லேசாயிற்று. லைலின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பட்டாணியை எடுக்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் நாற்காலி போதவில்லை. மாதக்கணக்கில் வராதவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். லைல் சங்க விதிகளின் மூன்றாவது பிரிவை நின்றபடி வாசித்தார்: இயற்கைக்கு அப்பாற்பட்ட எதையும் அடிப்படையாகக் கொண்ட சட்டம் எதையும் சங்கம் ஆதரிக்காது.

"இது வெறும் அலங்கார வரி, லைல்" என்றார் வெண்டெல்.

"அப்படித்தான் டாலர் நோட்டுல கடவுள் பேரப் போட்டாங்க, அப்படித்தான் பள்ளிக்கூட உறுதிமொழியில போட்டாங்க. ஒவ்வொண்ணும் அலங்காரம்தான். இப்ப நம்ம கையாலயே போடுறோம்."

தப்பாகச் சொல்லவில்லை என்பதுதான் கஷ்டம். பலர் தலையாட்டினார்கள். இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு சொல்லை வாயால் சொல்ல மறுத்து வேலையையோ, அப்பா அம்மாவையோ, கல்யாணத்தையோ இழந்தவர்கள். வெறும் சொல்தானே என்று அவர்களிடம் சொல்ல முடியாது.

ஜனெல் எழுந்தாள். "என் அக்கா பொண்ணுக்கு ஒன்பது வயசு. அவளுக்கு நேரமில்ல. உங்க எல்லார் காலையும் பிடிக்கிறேன், ஓட்டு முடியிற வரைக்கும் பேசாம இருங்க. அதுக்கப்புறம் என்னையும் டார்லாவையும் சேத்து வெளிய தள்ளுங்க."

"ஜனெல், எங்களுக்கு அக்கறை இல்லன்னு நெனைக்காதம்மா" என்றார் லைல். நிஜமாகவே அவர் கண் கலங்கியிருந்தது.

அப்போதுதான் கோரின் பாஸெட் கை தூக்கினாள். பத்திரிகையில் முப்பது வருஷம் பிழை திருத்தியவள், சாந்தமான பெண்மணி, எலுமிச்சை கேக் அவள் கொண்டுவருவதுதான். "ஆதரவ வாபஸ் வாங்க வேண்டாம். ஒரு விளக்கக் கடிதம் அனுப்பலாமே. மசோதாவ முழு மனசா ஆதரிக்கிறோம், அந்த ஒரு வரியில மட்டும் எங்களுக்கு உடன்பாடில்லன்னு. ஒன்பது பேருக்கும் அனுப்பிட்டா, மசோதாவும் இருக்கும், கொள்கையும் இருக்கும்."

அறை மூச்சு விட்டது. இருவருக்கும் நல்லது, யாரும் யாரையும் இழக்க வேண்டாம். இப்படியொரு தீர்வு எங்கள் ஆட்களுக்குத்தான் தோன்றும்.

வெண்டெல் டார்லாவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார்.

"அந்தக் கடிதத்துல உங்க சங்கத்தோட பேர் இருக்குமா?" என்று கேட்டது டார்லாவின் குரல்.

"தலைப்புத்தாள்லதானே அனுப்பணும்" என்றாள் கோரின்.

"அப்ப அது விளக்கம் இல்ல கண்ணு, சாவு ஓலை. கிட்டிங்ஸ் உங்களுக்கு முதுகு காட்டி நிக்கிறதுதான் அவர் செய்யிற உதவி. நீங்க போயி அவர் தோளத் தட்டிக் கூப்பிடுறீங்க."

"ஒருத்தர் உண்மையத் தெரிஞ்சுகிட்டதுக்காக மனசு மாறினா, அவர் ஓட்டே பொய்தானே?" என்றார் லைல்.

"பொய் ஓட்டுக்கும் ஒரு ஓட்டுன்னுதான் எண்ணுவாங்க" என்றாள் டார்லா. வெண்டெல் போனை அணைத்தார்.

கடிதத்தின் வாசகத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. 'எதிர்க்கிறோம்' என்பதா, 'வருந்துகிறோம்' என்பதா, 'ஏற்க இயலவில்லை' என்பதா. கடைசியில் 'மரியாதையுடன் ஏற்க இயலவில்லை' வென்றது. பிறகு அனுப்புவதா என்று ஓட்டு. இருபத்தெட்டுக்குப் பதினொன்று.

இருபத்தெட்டில் நான் ஒருத்தி. எதிர்த்துக் கை தூக்கியிருந்தால், 'நீங்கதானே வெர்னா வந்து சொன்னீங்க' என்று லைல் ஜனெல் முன்னால் கேட்டுவிடுவார் என்று பயமாக இருந்தது. அதனால் தூக்கினேன். ஜனெல் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை நல்ல கனமான தாளில் ஒன்பது கடிதங்கள் ஒன்பது அறைகளுக்குப் போயின. ஓர் எழுத்துப்பிழை இல்லை.

புதன்கிழமை கமிட்டி அறையில் மசோதாவை யாரும் தாக்கிப் பேசவில்லை. கமிட்டித் தலைவர் இதை இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது, நிறுத்தி வைக்கலாம் என்றார். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் அடக்கம் பண்ணுவது. நிறுத்தி வைக்கச் சம்மதமா என்று கைதூக்கச் சொன்னார்கள். கிட்டிங்ஸ் மேசையைப் பார்த்தபடி கையைத் தூக்கினார். ஐந்துக்கு நாலு. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

வராந்தாவில் டார்லா அவரை மறித்தாள். நான் தண்ணீர்க் குழாயில் குனிந்து, குடிக்கிற மாதிரி நின்றேன்.

"போன வாரம் என்கிட்ட கை கொடுத்தீங்க, செனட்டர்."

"கொடுத்தேன். போன வாரம் எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப எழுத்துமூலமாத் தெரியும். அதோட நகல் மத்த எட்டுப் பேர்கிட்டயும் இருக்கு" என்றார் கிழவர். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ள யாரு, டார்லா? உனக்குத் தெரிஞ்ச பிள்ளயா?"

"ஒன்பது வயசு. இதயம்."

"அடுத்த வருஷம் கொண்டா. பேரெல்லாம் இல்லாம கொண்டா."

டார்லா அன்று மாலையே ராஜினாமாவை அனுப்பினாள். லைல் 'கொள்கை காத்த வாரம்' என்று ஒரு வீடியோ போட்டார். முந்நூற்று நாற்பது பேர் பார்த்தார்கள், அவருக்கு அதுதான் அதிகபட்சம்.

ஏப்ரலில் முட்டை மேசையில் ஹேசல் இல்லை. "ரெண்டு டஜன்" என்றாள் ஜனெல். "பழுப்பா, வெள்ளையா?" என்றாள் ரூத். மே மாதம் மேசையே இல்லை. ஜனெல் மாவட்டக் குழந்தைநல அலுவலகத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை போன் செய்தாள். எடுக்கிற பெண் அழுதாளே தவிர, அவளாலும் சட்டத்தின் அந்த வரியைத்தான் படிக்க முடிந்தது.

ஜூன் ஏழாம் தேதி எனக்குத்தான் முதலில் செய்தி வந்தது. மரண விசாரணை அலுவலகத்தில் இருக்கிற பெண்ணின் பல்லுக்கு நான்தான் பல வருஷம் நேரம் குறித்துக் கொடுத்தவள். ஹேசலின் சாவுக்குக் காரணம் நிமோனியா என்று எழுதியிருக்கிறார்களாம். நான் தெருவைக் குறுக்கே கடந்தேன். ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க வழி உண்டா என்று நான் யோசித்தது அந்த இருபது அடியில்தான். ஜனெல் கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள், வாசற்படியிலேயே.

அடக்கத்துக்கு வெளியாட்களை விடமாட்டார்கள். என் காரில் போனோம், சாலையோரம் நிறுத்தினோம். சபையின் இடுகாடு ஒரு சரிவில், கம்பிவேலிக்குள். பாதிக் கற்கள் முழங்கால் உயரம்கூட இல்லாத சின்னக் கற்கள். ஆண்கள் மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்திலிருந்து ரூத் பிரிந்து வேலிப்பக்கம் நடந்து வந்தாள். நீளப் பாவாடையில் மண். ஜனெல் காரை விட்டு இறங்கி ஓடினாள். நான் பின்னால் போனேன். வேறு எப்படி.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ரூத் தணிந்த குரலில், வேகமாகப் பேசினாள்.

"அந்த மசோதா பேப்பர்ல வந்துச்சு. முட்டை வாங்க வந்தவர் மேசை மேல விட்டுட்டுப் போனார். அஞ்சு பேர் போதும்னு போட்டிருந்தது."

"ரூத்."

"நான் அந்த அஞ்சு பேருக்காகவும் ஜெபம் பண்ணேன். பேர் சொல்லி, தெனமும். போலீஸ் வந்து கதவத் தட்டி, ஜட்ஜ் உத்தரவு, பிள்ளையத் தூக்குங்கன்னா நான் என்ன பண்ண முடியும்? யாரும் என்னைக் கேக்க முடியாதுல்ல. என் வீட்டுக்காரரும் கேக்க முடியாது, பெரியவங்களும் கேக்க முடியாது. அவளுக்கு ஒரு பையில துணி எடுத்து வச்சிருந்தேன். கட்டிலுக்கு அடியில."

ஜனெல் கம்பியைப் பிடித்திருந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்து தூக்கிட்டுப் போயிருப்பேனே."

"அது நானாக் கொடுத்ததா ஆயிரும்." ரூத் அதை ஒரு கணக்கு சொல்வதுபோலத்தான் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அந்த அஞ்சாவது ஆளு ஏன் மாறினாரு? பேப்பர்ல காரணம் போடல."

நான்தான் சொன்னேன். "ஒரு கடிதம் போச்சு. மசோதாவுல ஒரு வார்த்தை சிலருக்குப் பிடிக்கல."

"என்ன வார்த்தை?"

"படைத்தவர்."

ரூத் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். சரிவிலிருந்து ஓர் ஆண் குரல் அவள் பெயரைக் கூப்பிட்டது. அவள் திரும்பி நடந்தாள். பாவாடை நுனி வேலியில் மாட்டிக் கொஞ்சம் கிழிந்தது, அதைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை.

காரில் பத்து மைல் போன பிறகு, ஜனெல் சாலையைப் பார்த்தபடி, "லைலுக்கு யார் சொன்னதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன்.

"இதையும் போய்ச் சொல்லுங்க, வெர்னா. ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு. அவ பை எடுத்து வச்சிருந்தத. ஒருத்தர் விடாம."

போனேன். சொன்னேன். ஜனெல் வரவில்லை, அதற்குப் பிறகு அவள் அங்கே வந்ததே இல்லை. முதல் வரிசையில் வெண்டெல் தொடையில் கைகளை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார். கோரின் அழுதாள். நான் முடித்ததும் லைல், ரொம்ப மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

"அந்த அம்மா நெசமாவே அப்படிச் சொன்னாங்களா, வெர்னா? இல்ல, நீங்களா எதுவும் சேத்தீங்களா?"

கேட்டது நியாயம். நான் சொல்கிற விஷயத்தில் பத்துக்கு மூன்று என் சொந்தச் சரக்கு என்பது ஊருக்கே தெரியும். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், சேர்த்தேன் என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்று.

"ஒண்ணும் சேக்கல" என்றேன்.